நிறைவெண்: பெர்ஃபெக்ட் என்றால் குறையற்றதா, நிரம்பியதா?

3,35,50,336. மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்துச் சொச்சம். பார்த்தால் சாதாரண எண்தான், ஆனால் இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்களையெல்லாம் (இதை மட்டும் விட்டுவிட்டு) கூட்டிப் பாருங்கள், திரும்ப இதே எண் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பெர்ஃபெக்ட் நம்பர். தமிழில் செவ்விய எண் என்றும் சொல்கிறார்கள், நிறைவெண் என்றும் சொல்கிறார்கள். என் ஓட்டு நிறைவெண்ணுக்குத்தான்.

பழங்காலக் கணித அறிஞர் யூக்ளிட் இதற்குக் கிரேக்கத்தில் எழுதிய சொல் டெலெயோஸ். அதன் வேர் டெலோஸ், முடிவு என்று பொருள். லத்தீனில் அதுவே பெர்ஃபெக்டஸ் ஆனது: முழுக்கச் செய்து முடித்தது. ஆக, மூலத்தில் அழகோ அப்பழுக்கின்மையோ பேச்சே இல்லை, பாகங்களைச் சேர்த்தால் முழுசும் நிரம்புகிறதா என்பதுதான் கேள்வி. 8-ஐ எடுத்தால் 1+2+4=7, ஒன்று குறைகிறது. 12-க்கு 1+2+3+4+6=16, வழிந்துவிட்டது. 28-க்கு 1+2+4+7+14, அளந்து ஊற்றியது போல 28. குறைவெண், மிகையெண், நிறைவெண் என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர் தானாகப் பொருந்துகிறது, இதில் செவ்விய என்பதை எங்கே நுழைப்பது? ‘முழுவெண்’ என்றும் வைக்க முடியாது, அந்தப் பெயரை ஏற்கெனவே வேறு எண்கள் பிடித்துக்கொண்டன.

சரி, நம் பெரிய எண்ணுக்கு வருவோம். அது 4096 × 8191. இதில் 8191 பகா எண். 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே 4096 வரை போகும் காரணிகளைக் கூட்டினால் 8191. மிச்சக் காரணிகள் 8191-இல் தொடங்கி 8191 × 2048 வரை இரட்டிக்கின்றன, அவற்றின் கூட்டல் 8191 × 4095. முதலில் கிடைத்த அந்த ஒரு 8191-ஐ இதோடு சேர்த்தால் 8191 × 4096. முடிந்தது கணக்கு! நிறைவெண்களை இப்படி உண்டாக்கும் வழியை யூக்ளிட் சொல்லிவிட்டார், இரட்டைப்படை நிறைவெண் எல்லாமே இந்த வார்ப்புதான் என்று நிறுவ 18-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் வரவேண்டியிருந்தது.

பழங்காலத்தில் தெரிந்தவை 6, 28, 496, 8128 மட்டும். ஓரிலக்கம், ஈரிலக்கம், மூவிலக்கம், நான்கிலக்கம், கடைசி இலக்கமும் 6, 8, 6, 8. இதைப் பார்த்து இப்படியே போகும் என்று பழங்காலக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ் நினைத்துவிட்டார், பாவம். ஐந்தாவதுதான் நம் 3,35,50,336, எட்டு இலக்கம். ஆறாவது 858 கோடியைத் தாண்டுகிறது, அதுவும் 6-இல்தான் முடிகிறது.

2024 வரை கிடைத்தவை 52, எல்லாம் இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஒன்றாவது உண்டா என்பதற்கு இன்னும் விடையில்லை.

அப்புறம், எழுதும்போது ‘நிறை எண்’ என்று பிரித்துவிடாதீர்கள், படிப்பவருக்குத் தராசு ஞாபகம் வரும்.