30 பாத் எங்கே போதும்? தாய்லாந்து மருத்துவமனைக்குப் பணம் வரும் வழி

2001-இல் தாய்லாந்தில் தாக்சின் ஷினவத்ரா அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவமனைக்குப் போகும்போது 30 பாத் (தாய்லாந்தின் நாணயம்) கட்டினால் போதும், காய்ச்சல் மாத்திரையிலிருந்து அறுவை சிகிச்சை வரை ஏறக்குறைய எல்லாம் கிடைக்கும். மறு வருடமே அதற்குச் சட்டமும் வந்துவிட்டது. 2006-இல் அந்த 30 பாத்தைக்கூட வாங்குவதை நிறுத்தினார்கள். திட்டம் ஆட்டம் காணவில்லை, ஏனென்றால் அது ஓடியது அந்தக் காசில் அல்ல.

ஓடியது வரிப் பணத்தில். ஜெர்மனியில் 1883-இலேயே அரசுத் தலைவர் (சான்சலர்) பிஸ்மார்க் காட்டிய வழி வேறு: தொழிலாளியின் கூலியில் கொஞ்சம், முதலாளியிடம் கொஞ்சம் பிடித்து ஒரு நிதியில் சேர்ப்பது. தாய்லாந்தின் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு இன்றும் இப்படித்தான். ஆனால் நெல் விதைப்பவரிடமும் தெருவில் நூடுல்ஸ் விற்பவரிடமும் எந்தச் சம்பளத்தில் பிடிப்பது? விருப்பப்பட்டவர்கள் காசு கொடுத்து வாங்கும் சுகாதார அட்டை ஒன்று அதற்கு முன்பே இருந்தது. நோய் இருப்பவர்களே அதை அதிகம் வாங்கினார்கள். நல்ல உடம்புக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். எல்லோரும் சேராத பானையில் சோறு சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால்தான் 30 பாத் திட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான டாக்டர் சங்குவான் நித்தயாரம்போங்கும் அவருடன் இருந்தவர்களும் வரிப் பணமே சரி என்று வாதாடினார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அது மருத்துவமனைக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். சிகிச்சையின் போக்கையே மாற்றுவது அதுதான்.

செய்த ஒவ்வொரு பரிசோதனைக்கும் பில் போட்டுக் காசு வாங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன்கள் தானாகப் பெருகும். அரசு ஊழியர்களின் வெளிநோயாளி சிகிச்சைக்குத் தாய்லாந்து இந்த முறையைத்தான் வைத்திருந்தது. தலைக்கு ஆகும் செலவு 30 பாத் திட்டத்தைவிடப் பல மடங்கு கூடியது. புதிய திட்டம் இதைத் தலைகீழாக்கியது. உங்கள் பகுதி மருத்துவமனையில் உங்கள் பெயர் பதிவாகும். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் உங்கள் தலைக்கு இவ்வளவு என்று அதற்குப் பணம் வந்துவிடும். தொடக்கத்தில் அது வருடத்துக்கு 1,202 பாத். சர்க்கரை நோயை முன்கூட்டியே பிடித்துக் கட்டுக்குள் வைத்தால் மருத்துவமனைக்குப் பணம் மிஞ்சும். முற்றவிட்டால் அதற்குத்தான் செலவு.

ஆபத்தும் இதற்குள்ளேயே இருக்கிறது: சிகிச்சையைக் குறைத்தாலும் பணம் மிஞ்சுமே! அதனால் படுக்கையில் சேர்க்கப்படும் நோயாளிகளுக்குத் தனிக் கணக்கு வைத்தார்கள். ஒவ்வொரு வகை நோய்க்கும் இத்தனை புள்ளி. குடல்வால் அறுவைக்குக் குறைவு, இதய அறுவைக்கு அதிகம். ஒதுக்கிய மொத்தத் தொகையை எல்லா மருத்துவமனைகளின் புள்ளிகளுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். புள்ளிகள் கூடினால் ஒரு புள்ளியின் விலை இறங்கும். கஜானா காலியாகாது.

முதல் வருடங்களில் இது பலருக்கு வலித்தது. ஊழியர் சம்பளமும் தலைக்கணக்குக்குள்ளேயே இருந்ததால், மக்கள் அதிகமும் டாக்டர்கள் குறைவுமான வடகிழக்கு மாகாணங்களுக்குப் பணம் பாய்ந்தது. ஊழியர் நிறைந்த பெரிய நகர மருத்துவமனைகள் கடனில் விழுந்தன. அரசு அவசர நிதி கொடுத்தது, கணக்கு முறையையும் திருத்தியது. ஆனால் வடகிழக்குக்குப் போன அந்தப் பணம் நியாயமானது என்றே நான் சொல்வேன். மாவட்டந்தோறும் மருத்துவமனைகள் முன்பே கட்டப்பட்டிருந்ததால் அது வீணாகவும் இல்லை.

2000-ஐ ஒட்டி, நாட்டின் மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மக்களின் சட்டைப்பையிலிருந்து போனது. இப்போது அது பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கிறது.

டயாலிசிஸை முதலில் சேர்க்கவில்லை. செலவு அதிகம் என்பதே காரணம். சிறுநீரகம் செயலிழந்தால் குடும்பம் நிலத்தை விற்கும், இல்லையென்றால் நோயாளி இறப்பார். நோயாளிகள் போராடினார்கள். 2008-இல் டயாலிசிஸும் திட்டத்துக்குள் வந்தது, ஒரு நிபந்தனையோடு: முதலில் வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்ள வேண்டும். அதற்கான திரவம் வீட்டுக்கே வரும். 2022-இல், எந்த முறை வேண்டும் என்று நோயாளியே முடிவு செய்யலாம் என்றார்கள். உடனே இயந்திர டயாலிசிஸுக்குப் போவோர் வேகமாகக் கூடினார்கள், அதற்கான தொகையும் ஏறியது. தலைக்கு எவ்வளவு என்ற பேரம் பட்ஜெட்டுக்கு முன் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.