படகிலோ காரிலோ எல்லை தாண்டினால்: பெருந்தொற்றுக் காலத் தனிமை விதிகள் எப்படி வேலை செய்கின்றன?

கொரோனாவால் விமானங்கள் நின்றுபோன 2020-இல் பலருக்கும் தோன்றிய யோசனை இது. சொந்தப் படகு இருக்கிறது, அல்லது கார் இருக்கிறது. யாரோடும் ஒட்டாமல், குடும்பம் மட்டும் ஏறி அடுத்த நாட்டுக்குப் போய்விட்டால் என்ன? தொற்று ஒட்டும் வாய்ப்பை மட்டும் பார்த்தால் யோசனையில் தப்பில்லை. சட்டத்தைப் பார்த்தால் கதை வேறு.

அமெரிக்கா 2020 மார்ச் 21 முதல் கனடாவுடனான தன் தரை எல்லையை அவசியமற்ற பயணங்களுக்கு மூடியது. தரைவழிச் சாவடிகளோடு பயணிகள் ரயில், ஃபெர்ரி, உல்லாசப் படகு ஆகியவற்றையும் அந்த ஆணை பெயர் சொல்லியே கட்டுப்படுத்தியது. விமானத்தை மட்டும் விட்டுவிட்டது. ஆக, கனடாக்காரர் ஒருவர் முன்பின் தெரியாத நூறு பேரோடு விமானத்தில் உட்கார்ந்து அமெரிக்கா போகலாம். காரில் தன்னந்தனியாகப் போனால் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி திறந்தது 2021 நவம்பர் 8-ஆம் தேதிதான். நோயின் தர்க்கம் ஒன்று, எல்லையின் தர்க்கம் வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விமானத்துக்கும் படகு, கார் ஆகியவற்றுக்கும் நடைமுறையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. விமானத்தில் ஏறுவதற்கு முன்பே கவுன்டரில் காகிதங்களைப் பார்த்துவிடுவார்கள். ஏதாவது குறைந்தால் புறப்படும் ஊரிலேயே தெரிந்துவிடும். படகையும் காரையும் புறப்படும் இடத்தில் அப்படி யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. எல்லையில் போய் நின்ற பிறகுதான் "முடியாது" என்ற பதில் வரும். அதற்குள் பின்னால் விட்டுவந்த நாடும் கதவைச் சாத்தியிருக்கலாம்.

எல்லா நாடுகளுக்கும் பொதுவான அடிப்படை, உலக சுகாதார அமைப்பின் சர்வதேச சுகாதார விதிமுறைகள். 2005-இல் ஏற்கப்பட்டு, 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருப்பவை. நோய் வந்தவரைப் பிரித்து வைப்பதும், நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் நலமாக இருப்பவரை ஒதுக்கி வைப்பதும் இந்த விதிகளில் வெவ்வேறு சொற்கள். பேச்சுவழக்கில் இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்றே சொல்லிவிடுகிறோம். பயணிக்கு விதிக்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவது. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று அதிகாரியிடம் வாதாடிப் பயனில்லை. ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் அந்த விதியே.

முதலில் படகு. அதற்குத்தான் விதிகள் பழையவை, விரிவானவை.

ரகூசா (இன்றைய துப்ரோவ்னிக்) நகரம் 1377-இல் போட்ட சட்டம் ஒன்று உண்டு: கொள்ளைநோய்ப் பகுதியிலிருந்து வருபவர்கள் மர்க்கான் என்ற சிறு தீவிலோ, சவ்டாட் என்ற ஊரிலோ ஒரு மாதம் இருந்த பிறகே நகருக்குள் வரலாம். பின்னாளில் அந்தக் காத்திருப்பு நாற்பது நாளானது. 'குவாரன்டைன்' என்ற சொல்லே 'நாற்பது' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இன்று வேறொரு நாட்டுத் துறைமுகத்தை நெருங்கும் படகு, முழு மஞ்சள் நிறக் கொடி ஒன்றை ஏற்ற வேண்டும். சர்வதேச சமிக்ஞைக் குறியீட்டில் அது 'கியூ' கொடி. நோய் இருக்கிறது என்ற எச்சரிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய பொருள் நேர் எதிர்: "என் கலத்தில் எல்லோரும் நலம், உள்ளே வர சுகாதார அனுமதி தாருங்கள்." துறைமுகத்துக்குள் தனிமையில் வைக்கப்பட்ட கலத்தைக் காட்டுவது மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டிய 'எல்' கொடி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த சுகாதார அனுமதிக்கு 'ஃப்ரீ பிராட்டிக்' என்று பெயர். அது கிடைக்கும்வரை படகிலிருந்து யாரும் இறங்கக் கூடாது. கரை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கயிறு வாங்கிக் கட்ட உதவ வந்தவரின் கையைக்கூடத் தொடக் கூடாது. பல நாடுகளில் கேப்டன் மட்டும் காகிதங்களோடு போய் வருவார், மற்றவர்கள் படகிலேயே காத்திருப்பார்கள். கேட்கப்படும் முக்கியமான காகிதம் கடல்சார் சுகாதார அறிவிப்பு. பயணத்தில் யாராவது இறந்தார்களா, யாருக்காவது நோய் இருக்கிறதா, எந்தெந்தத் துறைமுகங்களில் எந்தத் தேதிகளில் நின்றீர்கள் என்று அதில் கேட்பார்கள். பயணம் நீண்டதாக இருந்தால் கடைசி 30 நாள்களின் துறைமுகங்களைச் சொன்னால் போதும். படகில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கரைக்கு வந்து சேர்ந்தபின் சொல்வது தவறு; முடிந்தவரை முன்கூட்டியே ரேடியோவில் தெரிவிப்பது கேப்டனின் கடமை.

அப்படியானால் துறைமுகம் படகைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டுமா? விதிமுறைகளின் 28-ஆவது பிரிவு கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது. சுகாதாரக் காரணத்துக்காக ஒரு கப்பலை வரவிடாமல் தடுக்கக் கூடாது. அந்தத் துறைமுகத்தில் வசதி இல்லையென்றால் வசதியுள்ள வேறு துறைமுகத்துக்கு அனுப்பலாம். எரிபொருள், தண்ணீர், உணவு ஏற்றுவதைத் தடுக்கக் கூடாது. ஆனால் 43-ஆவது பிரிவு ஒரு பெரிய சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. நாடுகள் கூடுதல் கட்டுப்பாடு விதிக்கலாம். அதற்கு அறிவியல் அடிப்படை இருக்க வேண்டும், காரணத்தை உலக சுகாதார அமைப்புக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சன்னல் வழியாகத்தான் பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாம் நடந்தது. நியூசிலாந்து 2020 ஜூன் 30 முதல் வெளிநாட்டுக் கலங்களுக்குக் கடல் எல்லையை மூடியது, சில விலக்குகளோடு. பசிபிக்கில் புயல் பருவத்துக்கு முன் தெற்கே இறங்கிவிட நினைத்த பாய்மரப் படகுக்காரர்கள் பலர் திண்டாடிப்போனார்கள்.

அதே பசிபிக்கில் ஃபிஜி செய்தது வேறு. 2020-இன் நடுவில் படகுகளுக்கென்றே ஒரு கடல்வழித் திட்டத்தை அறிவித்து, கடலில் கழித்த நாள்களையும் 14 நாள் தனிமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. புறப்படுமுன் பரிசோதனை, நேராக டெனராவ் துறைமுகம், வந்ததும் மறுபடி பரிசோதனை; நாள் குறைந்தால் மீதியைப் படகிலேயே முடிக்க வேண்டும். அறிவுள்ள ஏற்பாடு. நடுக்கடலில் இரண்டு வாரம் இருந்தவரைவிடத் தனிமையில் இருந்தவர் யார்?

துறைமுகத்தைத் தொடாமல் கடந்துபோவது தனி விஷயம். கடற்கரையிலிருந்து 12 கடல் மைல்வரை அந்த நாட்டின் பிராந்தியக் கடல். கடல் சட்ட உடன்படிக்கைப்படி, நிற்காமல், தீங்கில்லாமல் அதைக் கடக்கும் உரிமை உண்டு. 'நிற்காமல்' என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். அழகான குடாவைப் பார்த்து இரவு நங்கூரம் போட்டால் அது கடந்துபோவது ஆகாது. எந்திரம் பழுதாவது, புயல், உயிராபத்து போன்ற நெருக்கடியில் நிற்கலாம். நின்றதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

காருக்கு வருவோம். இங்கே சர்வதேசப் பாதுகாப்பு மெலிந்தது. விமான நிலையங்களையும் துறைமுகங்களையும் நாடுகள் சுகாதார வசதியோடு நியமித்தே தீர வேண்டும் என்று விதிமுறைகள் சொல்கின்றன. தரைச் சாவடிகளை நியமிக்க'லாம்' என்று விட்டுவிடுகின்றன. நோய்ப் பகுதியிலிருந்து வராத வண்டிகளை வழியில் மறிக்கக் கூடாது என்ற பிரிவும் லாரி, ரயில், பேருந்து என்றுதான் பேசுகிறது. சொந்தக் கார் அந்தப் பட்டியலில் இல்லை.

அதனால் காரில் போகிறவர் அந்தந்த நாட்டின் அன்றைய ஆணையைத்தான் நம்பியிருக்க வேண்டும். அது எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்கு அலாஸ்கா ஒரு சாட்சி. அமெரிக்காவின் பிற மாநிலங்களிலிருந்து அங்கே காரில் போகக் கனடாவைக் கடக்க வேண்டும். 2020 ஜூலை 31 முதல் கனடா இதற்கு ஐந்தே ஐந்து சாவடிகளைத் திறந்து வைத்தது. வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் ஓர் அட்டை தொங்க வேண்டியிருந்தது; எந்தத் தேதிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். நேர்வழியில் மட்டும் ஓட்ட வேண்டும், தேசியப் பூங்காக்கள் பக்கம் திரும்பக் கூடாது. பெட்ரோலுக்குப் பம்பிலேயே பணம் கட்ட வேண்டும், சாப்பாட்டை வண்டியில் இருந்தபடியே வாங்க வேண்டும். கனடாவில் தனிமை ஆணையை மீறினால் அதிகபட்ச அபராதம் 7,50,000 கனடிய டாலர், சிறையும் உண்டு.

இங்கிலாந்தின் அன்றைய விதி இன்னும் சுவாரசியம். 2021 மே 17-இல் நாடுகளைத் தொற்று அபாயத்தைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தபோது, எந்த நிறத்தின் விதி உங்களுக்கு என்பதற்கு, வருவதற்கு முந்தைய 10 நாள்களில் எங்கெங்கே இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. பச்சை நாட்டிலிருந்து கிளம்பி மஞ்சள் நாடு வழியாகக் காரில் வந்தால்? வழியில் யாரும் இறங்கி ஏறாமல், புதிதாக யாரும் ஏறாமல் வந்தால் அந்த நாடு கணக்கில் வராது. கழிப்பறைக்கு ஒருவர் இறங்கித் திரும்ப ஏறினால் வந்துவிடும். குழந்தைகளோடு காரில் போனவர்களுக்கு இந்த விதி எவ்வளவு நடைமுறைக்கு ஒத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வாடகைக் கார் என்றால் கூடுதல் சிக்கல்: பல நிறுவனங்கள் எல்லை தாண்டவே அனுமதிப்பதில்லை, மீறினால் காப்பீடும் போகும்.

செலவு யாருடையது? குடியேற வருபவர்கள் நீங்கலாக, பயணியைத் தனிமையில் வைப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது விதிமுறைகளின் 40-ஆவது பிரிவு. இங்கிலாந்து 2021 பிப்ரவரி 15 முதல் ஹோட்டல் தனிமைக்கு ஒருவருக்கு 1,750 பவுண்டு வாங்கியது. ஏட்டில் ஒன்று, கவுன்டரில் ஒன்று. போகிறவர் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டே போவது நல்லது. படகில் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் அவர்களுக்கான செலவை உரிமையாளரிடம் கேட்க விதியில் இடமும் இருக்கிறது.

திரும்பி வரும்போது ஒரு பிடிமானம் உண்டு. சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்று குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. உள்ளே விட்டபின் தனிமையில் இருக்கச் சொல்வதை அது தடுக்காது. அடுத்த நாட்டுச் சாவடி திருப்பி அனுப்பி, அங்கே பத்து நிமிடம்கூட நிற்காமல் வந்திருந்தாலும், சொந்த நாட்டுக் கணக்கில் நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவராகவே எண்ணப்படலாம். அந்த நேரத்தில் படகுக்காரருக்குக் கைகொடுப்பது படகின் பயணப் பதிவேடும் ஜிபிஎஸ் தடமும். கார்க்காரருக்கு, தேதியும் நேரமும் அச்சடித்த பெட்ரோல் ரசீதுகளும், திருப்பி அனுப்பிய சாவடியில் கேட்டு வாங்கிய ஒரு துண்டுச் சீட்டும்.