கன்வென்ஷன்: மாநாடா, மண்டபமா?

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. இடம் என்ற வரியில் ஒரு ‘கன்வென்ஷன் சென்டர்’, கிழக்குக் கடற்கரைச் சாலை, மாமல்லபுரம் என்று போட்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்த பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “கல்யாணமாடா, கட்சி மாநாடா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது சொல்லாராய்ச்சிக் கேள்விதான்.

லத்தீனில் ‘வெனீரே’ என்றால் வருதல். அதோடு ‘சேர்ந்து’ என்ற பொருள் தரும் முன்னொட்டு ஒட்டி ‘கொன்வெனீரே’ ஆனது: கூடி வருதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன பிறகு அந்தச் சொல் மூன்று வேலை பார்க்கிறது. ஆட்கள் கூடும் கூட்டம் ஒன்று. கூடியவர்கள் செய்துகொண்ட உடன்பாடு இன்னொன்று. யாரும் எழுதி வைக்காமலே எல்லோரும் ஒத்துப்போகிற வழக்கம் மூன்றாவது. தமிழில் இவற்றுக்கு முறையே மாநாடு, உடன்படிக்கை, மரபு என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இதில்தான் அவசர மொழிபெயர்ப்பு சறுக்கும். ஐ.நா. 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் கன்வென்ஷனை ‘மாநாடு’ என்று எழுதினால் தப்பு. அது கூட்டமல்ல, உடன்படிக்கை.

சரி, மாநாடு என்ற சொல் எங்கிருந்து வந்தது? நூறு ஆண்டுக்கு முந்தைய பத்திரிகைகளைப் புரட்டினால் ‘மகாநாடு’ என்றுதான் இருக்கும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே, செங்கல்பட்டில், 1929-இல் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டையும் அன்றைக்கு மகாநாடு என்றே எழுதினார்கள். பிறகு ‘மகா’ தேய்ந்து ‘மா’ நின்றது. ஆனால் தேசத்தைக் குறிக்கும் ‘நாடு’ கூட்டத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் உண்டு. பொருந்தும். சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த பகுதி. அந்தப் பகுதியின் பெருமக்கள் கூடும் அவைக்கும் அதே பெயர்தான். ‘நாட்டோம்’ என்று தன்மைப் பன்மையில் பேசுவார்கள். உழவுத் தொழிலாரின் பெரிய அமைப்பு ஒன்று ‘சித்திரமேழிப் பெரியநாடு’ என்றே தன்னை அழைத்துக்கொண்டது. பெரியநாடும் மாநாடும் பொருளில் ஒன்றுதானே! ‘நகரம்’ என்ற சொல்லும் அப்படித்தான்: இடத்துக்கும் பெயர், அங்கே கூடும் வணிகர் அவைக்கும் பெயர்.

மாமல்லபுரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, இந்த ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் கூடி, ஊர் நிலத்தைப் பங்கு பிரிப்பது பற்றி ஒருமனதாகச் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறது. கூடியதும் உண்டு, உடன்பட்டதும் உண்டு. லத்தீன் சொல்லின் முதல் இரண்டு பொருளும் ஒரே கல்லில்! (போகிற போக்கில்: அந்தக் கல்வெட்டில் ஊரின் பெயர் மாமல்லபுரம். மகாபலிபுரம் என்ற பெயரில் இருக்கும் மகாபலி அரசன் பின்னால் வந்து சேர்ந்தவர்.)

பல்லவர் காலத்தில் இது துறைமுகப் பட்டினம். இங்கே பொன்னும் யானையும் மணியும் ஏற்றிய கலங்கள் பாரம் தாங்காமல் சாய்ந்து அசைந்து போவதைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். இன்று கலங்களுக்குப் பதிலாகச் சுற்றுலாப் பேருந்துகள். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்ததை நாளிதழ்கள் ‘முறைசாரா உச்சி மாநாடு’ என்றன. 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்டுக்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கூட்டம், ஊக்கப் பயணம், மாநாடு, கண்காட்சி ஆகிய நான்கையும் சேர்த்து ஓட்டல்காரர்கள் ‘மைஸ்’ என்பார்கள். நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது. எலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பகலில் மாநாடு, சாயங்காலம் கடற்கரை என்று வருகிறவர்களுக்காக ‘வெக்கேஷன் டெஸ்டினேஷன்’ என்று ஒன்று சொல்கிறார்கள். வெக்கேஷனுக்கு மூலம், காலியாக இருத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல். நம் விடுமுறை இன்னும் நேரடி: வேலையை விடுவது. டெஸ்டினேஷனுக்குச் சுற்றுலாத் தலம் போதும். ‘தலம்’ இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. பாம்பணை இல்லாமல் வெறுந்தரையில் பெருமாள் பள்ளிகொண்டதால்தான் ஊருக்குள் இருக்கும் அவர் கோயிலுக்குத் தலசயனம் என்று பெயர்.

கூடும் இடத்துக்கு என்ன சொல்வது? சங்க காலத்திலேயே மன்றம், பொதியில், அவை எல்லாம் இருந்தன. மன்றத்தை நீதிபதிகளும் நாடாளுமன்றமும் ரசிகர்களும் எடுத்துக்கொண்டார்கள். பொதியிலைப் பலகையில் எழுதினால் யாருக்கும் புரியாது. கருத்தரங்குக்கும் தொழில் கூட்டத்துக்கும் என்றே கட்டிய இடத்துக்கு மாநாட்டு மையம் என்பது பொருத்தமான பெயர். அரசு வழக்கிலும் அதுதான். ஆனால் தாலி கட்டுகிற இடத்துக்கு மாநாட்டு மையம் என்று எழுதினால் பெரியப்பா மறுபடி கேட்பார். அதற்கு மண்டபம்தான். அது வடசொல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். கல்யாணத்தோடு ஒட்டிப்போன சொல்லைப் பிரித்தெடுக்க எனக்கு மனசில்லை.

அதுவும் இந்த ஊரில்! வராக மண்டபம், கிருஷ்ண மண்டபம் என்று பாறைகளுக்கே அந்தப் பெயர்தான். கல்யாணத்துக்குப் போன அன்று முகூர்த்தம் முடிந்து, சாப்பாட்டுப் பந்தி கொஞ்சம் நீண்டதால், கிருஷ்ண மண்டபத்துக்கு நடந்தேன். முன்னால் நிற்கும் தூண்கள் விசயநகரக் காலத்தில் சேர்த்தவை. உள்ளே பல்லவர் செதுக்கிய பாறைச் சுவர். இந்திரன் பெய்த மழைக்குக் கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். ஆயர்பாடி முழுக்க அதன் கீழே கூடிவிட்டது. ஒருவன் உட்கார்ந்து பால் கறக்கிறான். மாடு திரும்பிக் கன்றை நக்குகிறது. வெளியே மழை கொட்டுகிறது என்ற கவலையே அவர்கள் முகத்தில் இல்லை.

திரும்பி வந்தபோது பெரியப்பா வாசலில், வாழை மரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “எங்கேடா போயிட்டே?” என்றார். “மண்டபத்துக்கு” என்றேன். “நாம உட்கார்ந்திருக்கிறது?” என்றார்.