வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர்: இந்தப் பதவிப் பேருங்க எங்கிருந்து வந்துச்சு?

ஏதாவது ஒரு சின்ன தனியார் பல்கலைக்கழகத்தோட செய்திமடல எடுத்துப் பாருங்க. முதல் பக்கத்துல "புதிய இணைவேந்தர் பொறுப்பேற்பு", கீழ "துணைவேந்தர் நியமனம்", ஓரத்துல "பதிவாளர் பொறுப்பு மாற்றம்"னு வரிசையா செய்தி இருக்கும். படிக்கிற பிள்ளைங்களுக்கும் சரி பெத்தவங்களுக்கும் சரி இதுல யாரு யாருக்கு மேல, சர்டிபிகேட்டுல யாரு கையெழுத்து, ஹாஸ்டல் பிரச்சினைய யாருகிட்ட கொண்டு போகணும்னு தெளிவா தெரியாது. பேருங்க புரிஞ்சாலே பாதி தெளிவு வந்துரும், அதனால ஒவ்வொன்னா பாப்போம்.

முதல்ல சான்சலர். இதோட மூலம் லத்தீன். கான்செல்லின்னா குறுக்கும் நெடுக்குமா சட்டம் வச்ச தடுப்பு, நம்ம கிராதின்னு சொல்வோமே அது. ரோமானிய நீதிமன்றத்துல நீதிபதி உக்கார்ற இடத்துக்கும் சனங்க நிக்கிற இடத்துக்கும் நடுவுல அந்தக் கிராதி இருக்கும், அதுகிட்ட நின்னு வர்றவங்க போறவங்களப் பாத்துக்கிட்ட வாயில்காவலருக்குத்தான் கான்செல்லாரியுஸ்னு பேரு. அப்புறம் அதே ஆளு நீதிமன்றத்துல எழுத்து வேலையும் பாக்க ஆரம்பிச்சு, எழுத்தரா மாறி, ஐரோப்பிய ராஜாக்கள் காலத்துல ராஜாவோட கடிதங்களையும் முத்திரையையும் வச்சிருக்கிற பெரிய அதிகாரியா வளந்துட்டாரு. இன்னிக்கு ஜெர்மனியில நாட்டையே நடத்துறவருக்கு அந்தப் பேரு, பிரிட்டன்ல நிதியமைச்சருக்கு அந்தப் பேரு. நம்ம தினமும் சொல்ற கேன்சலும் இதே வேர்லருந்து வந்ததுதான், எழுதினது மேல குறுக்கு நெடுக்கா கோடு போட்டு அடிச்சா அது பாக்க கிராதி மாதிரி இருக்கும்ல, அதனால அந்தப் பேரு.

சரி, வாயில்ல நின்னவரு பல்கலைக்கழகத்துக்குள்ள எப்படி வந்தாரு? இதுக்கு ஐரோப்பாவோட பேராலயங்களப் பாக்கணும். அங்க ஆயரோட (பிஷப்) எழுத்து வேலையும் முத்திரையும் ஒரு சான்சலர் கையில இருந்துச்சு, ஆலயத்தோட சேந்த பள்ளிக்கூடமும் அவரு பொறுப்புதான். பாரிஸ்ல நோத்ர தாம் பேராலயத்தோட சான்சலர் தான் ஒருத்தருக்கு "நீ பாடம் சொல்லிக் குடுக்கலாம்"னு உரிமம் குடுப்பாரு, அந்த உரிமம் தான் பின்னாடி பட்டமா மாறுச்சு. பட்டமளிப்பு விழாவுல வேந்தர் பட்டம் குடுக்குறதுன்னு இன்னிக்கும் இருக்கிற வழக்கத்துக்கு அடி அங்க இருக்கு, இத நிறைய பேரு வெறும் சடங்குன்னு நெனச்சுட்டு இருக்காங்க, ஆனா அந்தப் பதவி பல்கலைக்கழகத்துக்குள்ள வந்ததே அந்த ஒரு வேலைக்காகத்தான். ஆக்ஸ்போர்டுல 13-ம் நூற்றாண்டோட தொடக்கத்துலயே சான்சலர் உண்டு. போகப் போக அந்தப் பதவி ஊர்ல இல்லாத பெரிய மனுசங்களுக்குப் போயிருச்சு, உள்ள இருந்து வேலை பாக்குறதுக்கு வைஸ் சான்சலர் வந்தாரு.

அந்த ஏற்பாட்ட அப்படியே 1857-ல கல்கத்தா, பம்பாய், சென்னைன்னு மூணு பல்கலைக்கழகத்துக்கும் கொண்டு வந்தாங்க. சென்னையில கவர்னர் சான்சலர். வைஸ் சான்சலரும் அப்ப முழுநேர வேலை இல்ல, பெரும்பாலும் நீதிபதி மாதிரி வேற பெரிய பதவியில இருக்கிறவங்க கௌரவமா சேத்துப் பாத்ததுதான். பின்னாடி அது எவ்வளவு பெரிய பொறுப்பா வளந்துச்சுங்கிறதுக்கு ஏ. லட்சுமணசாமி முதலியார் ஒருத்தரே போதும், 1942-லருந்து 1969 வரைக்கும் 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவருதான் துணைவேந்தர். இன்னிக்கு தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள்ல அந்தப் பதவிக்காலம் 3 வருஷம்.

இப்ப தமிழுக்கு வருவோம். சான்சலருக்கு நம்ம வச்ச சொல் வேந்தர். யோசிச்சுப் பாத்தா இது ரொம்பப் பெரிய தாவல், அங்க வாயில்காவலரா ஆரம்பிச்ச சொல் இங்க வந்து முடி சூடின அரசரா உக்காந்திருச்சு. சங்கப் பாட்டுல வேந்தர்ங்கிற சொல்ல எல்லா அரசருக்கும் போட மாட்டாங்க, சேரர் சோழர் பாண்டியர் மூணு பேருக்குத்தான் சிறப்பா வரும், அதனாலதான் மூவேந்தர். பறம்புமலைய ஆண்ட பாரி வேள், அதாவது குறுநில மன்னன், அவன முற்றுகை போட்டவங்க வேந்தர். தொல்காப்பியத்துல "வேந்தன் மேய தீம்புனல் உலகமும்"னு மருத நிலத்துத் தெய்வத்துக்கும் அதே சொல். வேய்தல்னா சூடுறது, முடி வேய்ந்தவன் வேந்தன்னு சொல்லாராய்ச்சி செஞ்சவங்க விளக்கம் குடுக்குறாங்க.

எனக்கு இந்தச் சொல் புடிக்கும், அதுல ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. லத்தீன் மூலத்த அப்படியே மொழிபெயர்த்து "கிராதியார்"னா வைக்க முடியும்? அரசோட தலைவரா இருந்த கவர்னர் அந்தப் பதவியில இருந்தப்போ வேந்தர்ங்கிற சொல் பொருந்தி வந்துச்சு. இன்னொரு வசதி, வேந்தர்னு முடியுறதால ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே சொல் போதும். இது சின்ன விஷயம் இல்ல. இந்தியில வைஸ் சான்சலருக்கு குலபதின்னு பேரு, பத்தாயிரம் மாணவருக்குச் சோறு போட்டுப் பாடமும் சொல்லிக் குடுக்கிற முனிவருக்குத்தான் பழைய நூல்கள்ல அந்தப் பேரு, அழகான கருத்துதான், ஆனா பதின்னா புருஷன்னும் பொருள் வந்துருது, பெண் துணைவேந்தரக் கூப்பிடறப்போ சங்கடம். மத்தியப் பிரதேசத்துல 2024-ல அத குலகுருன்னு மாத்தினாங்க. மராத்தியில ரொம்ப காலமாவே குலகுரு தான். கன்னடத்துல வைஸ் சான்சலர் குலபதி, ரெஜிஸ்ட்ரார் குலசசிவர். தாகூர் ஆரம்பிச்ச விசுவபாரதியில இன்னும் வேற மாதிரி, அங்க சான்சலர் ஆச்சார்யா, வைஸ் சான்சலர் உபாச்சார்யா, பிரதமர் தான் அங்க ஆச்சார்யா. ஒவ்வொரு மொழியும் குருகுலத்த நெனச்சு ஒரு சொல் எடுத்திருக்கு, தமிழ் மட்டும் அரசவைய நெனச்சு எடுத்திருக்கு.

அடுத்து தான் நிறைய பேரு தடுமாறுற இடம், இணையும் துணையும். இங்கிலீஷ்ல ப்ரோ சான்சலர், வைஸ் சான்சலர்னு ரெண்டு. லத்தீன்ல ப்ரோன்னாலும் "பதிலா", வைஸ்னாலும் "பதிலா", ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது! சொல்ல வச்சு யாரு மேலன்னு கண்டுபிடிக்கவே முடியாது. தமிழ்ல தான் அத இணை, துணைன்னு பிரிச்சுத் தெளிவாக்கியிருக்கோம். இணைன்னா சரிசமமா பக்கத்துல நிக்கிறது, துணைன்னா கூட இருந்து தாங்குறது. அரசு அலுவலகத்துலயும் இணை இயக்குநருக்குக் கீழதான் துணை இயக்குநர், அந்த வரிசைக்குப் பழகின கண்ணு இணைவேந்தர மேல வைக்கும். பட்டமளிப்பு விழா ஊர்வலத்துலயும் மேடை மரியாதையிலயும் அது சரிதான், இணைவேந்தருக்குத்தான் முன்னிடம்.

ஆனா அன்றாடம் பல்கலைக்கழகத்த நடத்துறவரு துணைவேந்தர். பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், தேர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவரு தலைமையில இருக்கிற குழுக்கள் வழியாத்தான் நடக்கும். துணைங்கிற சொல்லப் பாத்துட்டு "ஓ, துணைத்தலைவர் மாதிரி ரெண்டாவது ஆளா"ன்னு நெனச்சுடக் கூடாது. அந்தப் பதவிக்கு வர பேராசிரியராவோ, பேர் பெற்ற ஆராய்ச்சி அல்லது கல்வி நிர்வாக அமைப்புலயோ குறைஞ்சது 10 வருஷம் இருந்திருக்கணும்னு பல்கலைக்கழக மானியக் குழுவோட 2018 விதிமுறை சொல்லுச்சு, தேடல் குழு 3-லருந்து 5 பேரு வரைக்கும் பட்டியல் குடுக்கும், அதுலருந்து ஒருத்தர எடுப்பாங்க. இணைவேந்தர் பதவிக்கு அந்த மாதிரி ஒரு கல்வித்தகுதியோ தேடல் குழுவோ கிடையாது. செய்தி படிக்கிறப்போ இந்த வித்தியாசம் மனசுல இருக்கணும், ஏன்னா "இணைவேந்தரா இன்னார் பொறுப்பேற்றார்"னா அது பெரும்பாலும் நிறுவனத்த நடத்துற அறக்கட்டளைக்குள்ள நடந்த மாற்றம், "துணைவேந்தரா இன்னார் நியமனம்"னா அது கல்வி நிர்வாகத்துல நடந்த மாற்றம், மாணவருக்கு நேரடியா பாதிப்பு வர்றது ரெண்டாவதுல.

இணைவேந்தர்ங்கிற பேரு தமிழ்நாட்டு மக்கள் காதுல பழகினதுக்கு சிதம்பரம் ஒரு பெரிய காரணம்னு நான் நெனைக்கிறேன். 1929-ல ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல கவர்னர் வேந்தர், நிறுவனர் இணைவேந்தர். அவருக்கு அப்புறம் முத்தையா செட்டியார், அதுக்கப்புறம் எம்.ஏ.எம். ராமசாமின்னு அந்தக் குடும்பத்துலயே அந்தப் பதவி தொடர்ந்துச்சு, 2013-ல அரசு எடுத்துக்கிற வரைக்கும். நிறுவனருக்கு இடம் குடுக்கணும், ஆனா வேந்தர் நாற்காலி கவர்னருக்குப் போயிருச்சு, அதுக்கு இணைவேந்தர் நல்ல வழி. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல கதை வேற. அங்க கவர்னர் கிடையாது, நடத்துற அறக்கட்டளையோ சங்கமோ தான் வேந்தரத் தேர்ந்தெடுக்கும், அதனால நிறுவனரே வேந்தரா இருக்காரு, அடுத்த தலைமுறை இணைவேந்தரா வருது. நிகர்நிலைங்கிறதும் நல்ல சொல்தான். 1956-ம் வருஷத்து மானியக் குழு சட்டத்தோட 3-ம் பிரிவுல ஒரு கல்வி நிறுவனத்தப் பல்கலைக்கழகமா கருதலாம்னு இருக்கு, அந்த "கருதலாம்"ங்கிறத விட "நிகரான நிலை"ங்கிறது பிள்ளைங்களுக்குச் சட்டுனு புரியுது. 2017-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் இந்த நிறுவனங்க பேருக்குள்ள பல்கலைக்கழகம்னு போடக்கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு, அப்பத்தான் பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறியில "நிகர்நிலைப் பல்கலைக்கழகம்"னு போடுறது பரவுச்சு.

டீனுக்கு வருவோம், ஒரு புலத்துக்கு, அதாவது பல துறைங்க சேந்த பிரிவுக்குத் தலைவர், இதுக்குத்தான் தமிழ்ல இன்னும் ஒரு சொல் நிலைக்கல. லத்தீன்ல டெகானுஸ், பத்து பேருக்குத் தலைவன், முதல்ல படையில, அப்புறம் மடத்துல பத்து துறவிகளுக்கு ஒருத்தர். இங்க புலமுதல்வர், புலத்தலைவர், முதன்மையர்னு ஆளுக்கு ஒண்ணு எழுதுறாங்க, மருத்துவக் கல்லூரின்னா பத்திரிகையில நேரா டீன் தான். முதல்வர்னு மட்டும் எழுதினா கல்லூரி முதல்வரா, முதலமைச்சரான்னு குழப்பம் வருது, அதனால புலமுதன்மையர் தான் என்னோட தேர்வு. இலங்கையில இந்தச் சிக்கலே இல்ல, அங்க புலத்துக்குப் பீடம்னு பேரு, டீன் பீடாதிபதி, அவ்வளவுதான், பேச்சுலயும் எழுத்துலயும் ஊறிப்போன சொல். அங்க வைஸ் சான்சலர உபவேந்தர்னும் எழுதுவாங்க, துணைவேந்தர்னும் எழுதுவாங்க.

பதிவாளர்ல தகராறு இல்ல. எழுதிப் பதிஞ்சு வைக்கிறவர், ரெஜிஸ்ட்ராருக்கும் அதே பொருள். பல்கலைக்கழகத்துலருந்து வர்ற பெரும்பாலான அறிவிப்பு அவரு கையெழுத்துலதான் வரும். ஜெர்மன் பல்கலைக்கழகத்துல நிர்வாகத்தப் பாக்குற அதிகாரிக்கு கான்ஸ்லர்னு பேரு, அதாவது சான்சலர் தான், நம்ம பதிவாளர் பாக்குற வேலைக்கு ரொம்பப் பக்கம். எழுத்தரா இருந்த பழைய பொருள் அங்கதான் அழியாம நிக்குது.

கேம்பஸ்னா லத்தீன்ல வயல்வெளி, கல்லூரி நிலத்துக்கு அந்தப் பேர அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல 18-ம் நூற்றாண்டுல வச்சாங்க. தமிழ்ல வளாகம். இது புதுசா செஞ்ச சொல்னு சிலர் நெனைக்கிறாங்க, இல்லவே இல்ல, புறநானூறு 189-வது பாட்டுல "தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி"ன்னு நக்கீரர் பாடியிருக்காரு. கடல் சூழ்ந்த உலகம் முழுசும் ஒருத்தனே ஆண்டாலும் உண்பது நாழி, உடுப்பவை இரண்டுன்னு சொல்ற பாட்டு. கடல் வளைச்ச நிலம் வளாகம், இப்ப மதில் வளைச்ச நிலம் வளாகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974-ல தொடங்கினப்போ அது இலங்கைப் பல்கலைக்கழகத்தோட ஒரு வளாகமாத்தான் இருந்துச்சு, கைலாசபதி அதுக்குத் தலைவர். தனிப் பல்கலைக்கழகமா ஆன பிறகு 1979-ல வித்தியானந்தன் முதல் துணைவேந்தர். அந்த ஊர்ப் பேச்சுல இன்னிக்கும் பல்கலைக்கழகத்துக்கே "கம்பஸ்"னு தான் சொல்வாங்க.

செய்திமடல் எழுதுறவங்களுக்குக் கடைசியா ரெண்டு விஷயம். பொறுப்பேற்பு வேற, பொறுப்பு வேற. "துணைவேந்தர் பொறுப்பேற்றார்"னா முழுசா பதவிக்கு வந்துட்டாரு, "பொறுப்புத் துணைவேந்தர்"னா அடுத்த ஆள் வர்ற வரைக்கும் தற்காலிகமா பாக்குறாரு, ஒரு சொல் மாறினா செய்தியே மாறிடும். அப்புறம் ப்ரோ வைஸ் சான்சலர். இதுக்கு இணைத் துணைவேந்தர்னு எழுதுறது தான் இப்ப பரவலா இருக்கு, இணையும் துணையும் பக்கம் பக்கமா நின்னு கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனாலும் "உப துணைவேந்தர்"னு எழுதுறத விட இது நல்லது. நடுவுல ஒற்று மட்டும் விட்டுடாதீங்க, "இணை, துணைவேந்தர்"னு படிச்சு ரெண்டு ஆளுன்னு நெனச்சுடுவாங்க.