எழுதப் பழக்கும் முன் கேட்கப் பழக்குவோம்

பாலக்கோட்டை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து, முதல் வகுப்பில் படிக்கும் பேரனை அழைத்துக்கொண்டு ஒரு பாட்டி தருமபுரியில் உள்ள என் பேச்சு, மொழிப் பயிற்சி அறைக்கு வந்தார். பெற்றோர் இருவரும் பெங்களூரில் கட்டட வேலை செய்வதால் பையன் அவரிடமே வளர்கிறான். நான்கு வயதிலிருந்து நாள்தோறும் மாலையில் நோட்டு நிறைய எழுதியவன். 12 உயிரெழுத்தையும் 18 மெய்யெழுத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பான். ஆனால் ப, ட, ம் என்று மூன்று அட்டைகளை வரிசை மாற்றி வைத்தபோது அவனால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. "நான் கைநாட்டுங்க சார், இவனுக்கு என்னத்தச் சொல்லித் தர முடியும்?" என்று பாட்டி வருந்தினார்.

அவரால் நிறையவே முடியும். படிப்புக்கான அடித்தளத்தில் பெரும்பகுதி காதிலும் பேச்சிலும்தான் அமைகிறது. சொல் என்பது ஓசைத் துண்டுகளால் ஆனது என்று குழந்தையின் காது உணர்ந்த பிறகுதான், அந்தத் துண்டுகளுக்கான வடிவங்களாக எழுத்துகள் அதற்குப் பொருள்படுகின்றன. களி கிண்டும்போதே 'களி, புளி, கிளி' என்று ஒத்து ஒலிக்கும் சொற்களைச் சேர்க்கச் சொல்லலாம். 'பு-ளி-ய-ம-ரம்' என்று கைதட்டிப் பிரிக்கலாம். 'மாடு' தொடங்குவதுபோல வேறு எது தொடங்கும் என்று கேட்டால் மாமாவும் மாங்காயும் வரும். இதற்கு எழுத்தறிவு தேவையில்லை, நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

எழுத்துக்கு வரும்போது நம் எழுத்துமுறையின் இயல்பை மனத்தில் கொள்ள வேண்டும். மொத்தம் 247 என்று கேட்டு மலைக்க வேண்டியதில்லை, ஏனெனில் பெரும்பாலானவை ஓர் எழுத்தும் ஒரு குறியும் சேர்ந்தவை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'கே' என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் அதன் ஓசை பின்னால் வருகிறது. 'கொ'வில் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் நிற்கின்றன. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கப் பழகிய குழந்தை இங்கே தடுமாறுவது இயல்பே. அடிக்காமல், அதட்டாமல், கொம்பையும் எழுத்தையும் ஒரே விரல் வீச்சில் சேர்த்துக் காட்டி 'கே' என்று முழுதாகச் சொல்லிக் கொடுங்கள். கு, சு, து, மு என்னும் உகர வரிசையில் குறி ஒரே சீராக அமைவதில்லை என்பதால், அவற்றைச் சொல்லோடு சேர்த்துக் கற்பதே எளிது. 'க' என்னும் ஒரே எழுத்து கல், மாங்காய், பகல் ஆகிய மூன்றிலும் மூன்று விதமாக ஒலிப்பதும் சொல்லுக்குள் வைத்துக் காட்டினால்தான் புரியும். (1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த தாத்தாக்கள் சிலர் 'லை', 'னை' ஆகியவற்றை இன்னும் பழைய கொம்போடு எழுதிக் காட்டுகிறார்கள். அவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.)

ஆகவே அ முதல் ஔ வரை முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்காதீர்கள். ப, ட, ம் தெரிந்த அன்றே 'படம்' என்று படிக்க வையுங்கள். பிறகு பட்டம், மட்டம். குழந்தையின் சொந்தப் பெயர் இதற்கு மிகச் சிறந்த பாடம். நம் மாவட்டப் பேருந்துப் பலகைகளும் நல்ல பாடப்புத்தகமே: மாரண்டஅள்ளி, பேகாரஅள்ளி என்று 'அள்ளி' திரும்பத் திரும்ப வருகிறது, பாப்பாரப்பட்டி, பெரியாம்பட்டி என்று 'பட்டி' வருகிறது. "நம்ம பஸ்ஸான்னு பார்த்துச் சொல்லுடா" என்று அந்தப் பாட்டி கேட்கத் தொடங்கியதும், படிப்பு முதன்முறையாக அவனுக்குத் தேவையான ஒரு வேலையாயிற்று.

புத்தகத் தமிழ் எந்த வீட்டிலும் பேசப்படுவதில்லை. வீட்டில் 'வூடு', புத்தகத்தில் 'வீடு'. 'ஆனை' என்று பேசிவிட்டு 'யானை' என்று படிக்க வேண்டும். அந்த நடையைக் காது முன்பே கேட்டிருந்தால்தான் கண் அதை எளிதில் அடையாளம் காணும். எனவே படிக்கத் தெரிந்த ஒருவர் இரவில் ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அதே கதையைப் பத்தாம் முறை கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள். தொலைவில் இருக்கும் பெற்றோர் அலைபேசியில் படித்துக் காட்டலாம். படிக்கத் தெரியாதவர்கள் படத்தைக் காட்டி, "இவன் ஏன் ஓடறான்?" என்று கேட்டுப் பேசினாலே போதும். குழந்தையின் வீட்டுப் பேச்சைத் தவறு என்று மட்டும் திருத்தாதீர்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். தமிழில் பின்தங்கும் என்ற அச்சத்தில், தாய்க்கே சரளமாக வராத தமிழில் மட்டும் குழந்தையிடம் பேசும்படி சிலருக்கு அறிவுரை தரப்படுகிறது. நான் அதை உறுதியாக மறுக்கிறேன். அப்படிப் பேசினால் வீட்டில் பேச்சு குறைகிறது, கதை நின்றுபோகிறது. தெலுங்கில் கதை கேட்டு வளர்ந்த சொல்வளமும் ஓசை பிரிக்கும் திறனும் தமிழ் படிக்கவும் உதவும்.

இவ்வளவு செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் சோம்பேறி என்று முடிவுகட்டாமல், முதலில் காதையும் கண்ணையும் சோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் குழந்தைக்கு ஓசைகள் மங்கலாகவே கேட்கலாம். கரும்பலகை தெரியாத குழந்தை அதைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். மூன்று வயதாகியும் இரண்டு, மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையைப் பள்ளி வயது வரை காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.