அந்த மெட்டு யாருக்குத் தோன்றியது?

“இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டு போடுகிறார்கள். பத்து வருஷம் கழித்துப் பேட்டி எடுத்தால் இருவருமே ‘அந்த மெட்டு எனக்குத்தான் தோன்றியது’ என்கிறார்கள். யார் பொய் சொல்கிறார்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் யாருமே பொய் சொல்வதில்லை.

பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் தாங்கள் எழுதியவற்றுக்கு இருவர் பெயரையும் சேர்த்தே போட்டார்கள். எதை யார் எழுதினார் என்பதில் பிற்காலத்திலும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். 1965-இல் வந்த ‘இன் மை லைஃப்’ பாட்டு அதற்கு ஒரு விதிவிலக்கு. வரிகள் லெனனுடையவை, அதில் தகராறு இல்லை. மெட்டு? நடுப்பகுதிக்கு மட்டும் மெக்கார்ட்னி உதவினார் என்றார் லெனன். வரிகளை வாங்கிக்கொண்டு போய் முழு மெட்டையும் போட்டது நான்தான் என்கிறார் மெக்கார்ட்னி. பின்னாளில் புள்ளியியலாளர்கள் இருவருடைய பாடல்களிலும் சுரங்களும் கார்டுகளும் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) அடுக்கப்படும் விதத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாட்டின் முதல் பகுதி லெனன் பக்கமே சாய்ந்தது. அதற்காக மெக்கார்ட்னியின் நினைவை வேண்டுமென்று சொன்ன பொய் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நினைவு வீடியோ பதிவு மாதிரி இல்லை என்பது தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு மெட்டு மனதில் பதியும்போது, ‘இது இன்னாரிடமிருந்து வந்தது’ என்ற சீட்டு அதோடு சேர்த்து ஒட்டப்படுவதில்லை. பிறகு நினைத்துப் பார்க்கும்போதுதான் மூளை அதை ஊகிக்கிறது. யார் குரலில் கேட்ட மாதிரி இருக்கிறது, எந்த அறையில், அதற்காக நான் மெனக்கெட்டேனா என்று கிடைக்கிற தடயங்களை வைத்து முடிவு கட்டுகிறது. மெனக்கெட்ட தடயம் இருந்தால், ‘என்னுடையது’.

1989-இல் ஆலன் பிரவுன், டானா மர்ஃபி என்ற இரு உளவியலாளர்கள் சிலரைக் குழுவாக உட்காரவைத்து, இசைக்கருவிகள், விளையாட்டுகள் என்று வகைக்கு வகை ஆளுக்கொரு பெயராக முறைவைத்துச் சொல்லச் சொன்னார்கள். பிறகு ‘நீங்கள் சொன்னவற்றை மட்டும் எழுதுங்கள்’ என்றபோது, பலர் அடுத்தவர் சொன்னதையும் தம்முடையதாக எழுதினார்கள். அதிலும் தமக்குச் சற்று முன் பேசியவருடையது எளிதாக உள்ளே புகுந்தது. காரணம் சாதாரணமானதுதான். நம் முறை நெருங்கும்போது என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்போம். பக்கத்து ஆள் சொன்னது காதில் விழும், அவர்தான் சொன்னார் என்பது பதியாது.

என்னை மிகவும் ஈர்த்தது 2005-இல் லூயிசா-ஜேன் ஸ்டார்க்கும் டிமதி பெர்ஃபெக்ட்டும் சக ஆய்வாளரோடு வெளியிட்ட சோதனை. செங்கல், பட்டன் போன்ற பொருள்களை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று குழுவாக யோசிக்கச் சொன்னார்கள். அப்புறம் அந்த யோசனைகளில் சிலவற்றை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னார்கள், வேறு சிலவற்றை எப்படி மேம்படுத்தலாம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, ‘உங்கள் யோசனை எது?’ என்ற கேள்வி. மனக்கண்ணில் மட்டும் பார்த்த யோசனைகளை அவ்வளவாக யாரும் உரிமை கொண்டாடவில்லை. மேம்படுத்திக் கொடுத்தவற்றைத்தான், அடுத்தவருடையவை என்றாலும், தம்முடையவை என்று நம்பினார்கள். திருத்துவதும் உருவாக்குவதும் மூளையில் ஒரே மாதிரியான உழைப்புத் தடத்தை விட்டுச் செல்வதாகத் தெரிகிறது. திரும்பிப் பார்க்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம்.

சேர்ந்து பாட்டு போடுவது என்பதே திருத்துவதுதானே! ஒருவர் நான்கு சுரத்தை முனகுகிறார். கிடார் வைத்திருப்பவர், ‘மூன்றாவதைக் கொஞ்சம் தூக்கிப் பார்’ என்று அரைச்சுரம் ஏற்றி வாசிக்கிறார். முனகியவர் அதைக் கேட்டுக் கடைசிச் சுரத்தை இழுக்கிறார். இப்போது அந்த மெட்டு யாருடையது?

‘ட்யூனைச் சுட்டுவிட்டார்’ என்று அவசரப்பட்டுச் சொல்வது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். பீட்டில்ஸின் இன்னொரு உறுப்பினர் ஜார்ஜ் ஹாரிசன் மீதான வழக்கில் 1976-இல் அமெரிக்க நீதிமன்றமே, அவர் தம்மை அறியாமல்தான் வேறொரு பாட்டின் மெட்டை எடுத்தாண்டார் என்று சொன்னது. ‘மெட்டு வானத்திலிருந்து இறங்கி வந்தது’ என்று பக்தியோடு சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மனதைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அப்படி இறங்கியவற்றில் சில, நண்பர் வாய் வழியாகத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன இரண்டு உளவியல் சோதனைகளுக்கும் பெரிய ஸ்கேன் கருவிகள் தேவைப்படவில்லை. காகிதமும் பேனாவும் பொறுமையும் போதுமானதாக இருந்தன. ஆய்வு நிதி கொடுப்பவர்கள் இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

சரி, அந்த ரிஹர்சல் அறைக்கே திரும்புவோம். பத்து வருஷம் கழித்துப் பேட்டியில் முனகியவருக்கு முனகியது நினைவிருக்கும். கிடார்காரருக்கு மூன்றாவது சுரத்தோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கும். இருவரும் உண்மையைத்தான் சொல்வார்கள். நடுநிலையான சாட்சி வேண்டுமென்று டிரம்ஸ் வாசித்தவரைக் கூப்பிட்டாலும் பயனிருக்காது. மெட்டு பிறந்த அந்த நொடியில் அவர் தான் உள்ளே நுழைய வேண்டிய இடத்துக்காகத் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.