ஷெல் துண்டுக்குள் கதிர் ஏறாது, ஐயா

போன கிழமையும் ஒருவர். விசுவமடுப் பக்கத்துக் கமக்காரர், நாலு மாத இருமல். நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லி இரண்டு மாதம் முந்தியே துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். இந்த முறை மகள் கையோடு கூட்டி வந்தாள். சட்டையைக் கழற்றச் சொன்னதும் வலது தோளைத் தடவிக்கொண்டு சொன்னார்: "2009 இல பட்டது பிள்ளை, ஷெல் துண்டு இன்னும் உள்ளுக்குத்தான் கிடக்கு. படம் எடுத்தா அதுக்குள்ள கதிர் ஏறி நிண்டிடுமாம்."

யார்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. வன்னியில் எக்ஸ்ரே எடுக்கும் எனக்கு இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அணுகுண்டுக்கும் 'கதிர்', எக்ஸ்ரேக்கும் 'கதிர்'. சிக்கல் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. குண்டில் உடைவது அணுவின் கரு. யுரேனியக் கரு பிளந்தபின் துண்டுகளையும் தெறித்த நியூத்திரன்களையும் (கருவுக்குள் இருக்கும் நுண்துகள்கள்) சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பழைய திணிவு வராது. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறைவுதான் சக்தியாக வெளியேறுகிறது. ஐன்ஸ்டைன் 1905 இல் காட்டிய கணக்கு அது. 1945 இல் ஹிரோஷிமாவில் அப்படிச் சக்தியாக மாறிய திணிவு ஒரு கிராம்கூட இல்லை. பிளந்த துண்டுகள்தான் பிறகும் கதிர் வீசிக்கொண்டு கிடக்கும்.

எங்கள் அறையில் எந்தக் கருவும் உடைவதில்லை. மின்சாரத்தால் இலத்திரன்களைத் துரத்தி ஓர் உலோகத்தில் மோதவிடுகிறோம். அதில் 99 வீதம் வெறும் சூடு, மிச்சம்தான் எக்ஸ்ரே. கரண்ட் நின்றால் கதிரும் நின்றது. டோர்ச்சை அணைத்த பிறகு வயலில் வெளிச்சம் கிடக்குமா?

சரி, துண்டுக்கு வருவோம். இரும்பு கதிர் வீச வேண்டுமென்றால் அதன் கரு மாற வேண்டும். மிக இறுக்கமாகக் கட்டுண்ட கருக்களில் இரும்பும் ஒன்று. அதிலிருந்து ஒரு நியூத்திரனைப் பிடுங்க ஒரு கோடி இலத்திரன் வோல்ட்டுக்கு (அணுவளவில் சக்தியை அளக்கும் அலகு) மேல் வேண்டும். நெஞ்சுப் படத்துக்கு நாங்கள் வைப்பது கூடினால் ஒன்றேகால் லட்சம். நூறு படம் எடுத்தாலும் அந்தச் சின்ன அடிகள் சேர்ந்து ஒரு பெரிய அடி ஆகாது. துண்டு படத்தில் வெள்ளையாக விழும், அவ்வளவுதான்.

அவருக்கும் அப்படித்தான், பயறளவில் விழுந்தது. கவலைப்பட வேண்டியது அதற்குக் கீழே, நுரையீரலின் மேற்பக்கத்தில் இருந்தது. இரண்டு மாதம் முந்தியே வந்திருக்கலாம், ஐயா.

எக்ஸ்ரே அறவே தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரு நெஞ்சுப் படத்தில் கிடைப்பது, மண்ணாலும் வானத்தாலும் சாப்பாட்டாலும் நமக்குச் சில நாளில், கூடினால் இரண்டு கிழமையில், இயற்கையாகக் கிடைக்கிற அளவு. ஆனால் "ஒரு சீட்டி ஸ்கானும் எடுத்துவிடுங்கோ" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அது எத்தனையோ மடங்கு கூட. வயிற்றில் பிள்ளை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் கதவடியிலேயே சொல்லுங்கள். பழைய படங்களை எறியாதீர்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினால் துண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே எக்ஸ்ரே இல்லை, பெரிய காந்தம் இருக்கிறது. கண்ணுக்குள் இரும்பு இருந்தால் பார்வையே போகலாம்.

இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள், சொன்னால் படத்துக்கும் வாருங்கள். துண்டோடேயே வாருங்கள்.